காலை வானொலி நிகழ்ச்சி நடத்துவது எப்படி? கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி பக்கத்தில் சமூக வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்த முன்வரும் தன்னார்வலர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பாட்டு, பேட்டி, அன்றாடத் தகவல் மூன்றும் கலந்த நேரலை நிகழ்ச்சிக்கானது. கீழே தேனி மாவட்டம், மெட்டு (மலைக்கணவாய்) ஏறினால் கேரளத்தின் இடுக்கி என்ற நம் ஊர் நிலைமையை மனதில் வைத்தே எல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது.

நிகழ்ச்சியை எத்தனை மணிக்குத் தொடங்கலாம்?

ஐந்தரைக்கு. பெரிய ஊர்களில் ஏழு மணிக்குத் தொடங்குவதைப் பார்த்து இங்கேயும் அப்படி வைத்தால், ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதற்குள் ஜீப் ஏறிப் போயிருப்பார்கள். அவர்கள்தான் நம் முதல் நேயர்கள். ஐந்தரை முதல் ஆறரை வரை அவர்களுக்கும் வயலுக்குப் போகிறவர்களுக்கும். ஆறரை முதல் ஏழரை வரை சந்தைக்குப் போகிறவர்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கும். கடைசி ஒரு மணி நேரம் கடை திறப்பவர்கள், தையல் மெஷினில் உட்காருபவர்கள், வீட்டில் இருக்கும் பெரியவர்கள். பேட்டி அப்போதுதான் எடுபடும்.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. காலையில் யாரும் உட்கார்ந்து வானொலி கேட்பதில்லை. அடுப்பில் ஒரு கை, தூக்குவாளியில் ஒரு கை. ஒருவர் கேட்பது பதினைந்து, இருபது நிமிடம்தான். அந்த வீட்டுக்கு நம் நிகழ்ச்சி ஒரு கடிகாரம். "நீர்மட்டம் சொல்லிட்டாங்க, ஜீப்பு வந்துரும், கிளம்பு" என்று அம்மா மகளை விரட்டுகிற அளவுக்கு அது பழகிப்போக வேண்டும். அதற்கு ஒவ்வொரு பகுதியும் தினமும் அதே நிமிடத்தில் வந்தாக வேண்டும். எவ்வளவு நல்ல பேச்சாளராக இருந்தாலும் அணை நீர்மட்டத்தை இன்று 5.45-க்கும் நாளை 5.58-க்கும் சொல்கிறவரை இந்த நேரத்துக்குப் போடாதீர்கள்.

ஒவ்வொரு முறை மைக் திறக்கும்போதும் மணி சொல்லுங்கள். ஸ்டூடியோ கணினியின் கடிகாரம் இணையம் இல்லாவிட்டால் மெல்ல மெல்லப் பிசகும். காலையில் வந்ததும் செல்போன் நேரத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள்.

ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

பேட்டி இல்லாத மணி நேரத்துக்கு எட்டுப் பாட்டு. சராசரி நாலரை நிமிடம் என்றால் 36 நிமிடம். தகவல் பகுதிகள் 9, பேச்சு 9, விளம்பரம் 6. பேட்டி உள்ள மணி நேரத்தில் பாட்டை ஆறாகக் குறைத்தால் 27 நிமிடம்; பேட்டி 12, தகவல் 9, பேச்சு 6, விளம்பரம் 6.

பேச்சு 9 நிமிடம் என்றால் ஒரே மூச்சில் அல்ல. நாற்பது நொடி, ஒரு நிமிடம் என்று பத்துப் பன்னிரண்டு துண்டுகள். நேரலையில் ஒரு நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் எழுதினால் போதும்; அதற்கு மேல் எழுதினால் வேகம் கூடி, எண்கள் நேயருக்குப் பிடிபடாது.

ஏழு மணிக்குச் சொல்ல வேண்டியது எப்போதும் ஏழு மணி மூன்று நிமிடம் ஆகிவிடுகிறது. ஏன்?

பாட்டு முடிந்த பிறகு மணியைப் பார்ப்பதால். கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். ஓர் உதாரணம்: விளம்பரம் 6.45.20-க்கு முடிகிறது, சந்தை விலை சரியாக 7.00-க்கு வர வேண்டும். இடையில் 14 நிமிடம் 40 நொடி. கையில் இருக்கும் மூன்று பாட்டுகள் 4.35, 5.05, 3.50. கூட்டினால் 13 நிமிடம் 30 நொடி. மிச்சம் 1 நிமிடம் 10 நொடி. மூன்று இடைவெளியிலுமாகச் சேர்த்து நீங்கள் பேசக்கூடியது அவ்வளவுதான். இந்தக் கூட்டலை 6.45-க்கே தாளில் போட்டுவிடுங்கள்.

நேரம் மிஞ்சினால் நிரப்புவதற்கு வாத்திய இசை ஒன்றைத் தயாராக வையுங்கள். அதை எந்த நொடியிலும் மெல்லக் குறைத்து நிறுத்தலாம். குரல் உள்ள பாட்டைச் சரணத்தின் நடுவில் வெட்டாதீர்கள், கேட்பவருக்குச் சோற்றில் கல் மாட்டியது போல இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னிசை எத்தனை நொடி என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வைப்பது பெரிய உதவி. முன்னிசை 22 நொடி என்றால் 18 நொடிக்குள் பேசி முடித்து ஒதுங்கிவிடலாம்.

பாட்டுக்கு உரிமை வாங்க வேண்டுமா? காசு கொடுத்து வாங்கிய சிடிதானே?

சிடி வாங்கினாலும், பாட்டுச் செயலிக்குச் சந்தா கட்டினாலும் அது வீட்டில் கேட்பதற்கு மட்டும்தான். ஒலிபரப்பு உரிமை வேறு. திரைப்பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒலிப்பதிவு, அதை வெளியிட்ட இசை நிறுவனத்துடையது. பாடல் வரியும் மெட்டும் தனி. அவற்றுக்கான உரிமத்தைப் பெரும்பாலும் ஐபிஆர்எஸ் என்ற பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைச் சங்கம் தருகிறது. ஒன்றுக்குக் கட்டிவிட்டால் மற்றதும் சேர்ந்துவிடும் என்று நினைத்துப் பலர் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

நம் ஊரில் இதற்கு நல்ல மாற்று உண்டு. கும்மி, தெம்மாங்கு, ஒயிலாட்டப் பாட்டு, தோட்டத்தில் காய் எடுக்கும்போது பாடுவது, இவற்றை நீங்களே பதிவு செய்து ஒலிபரப்புங்கள். பாடியவரிடம் தேதி, என்ன பாட்டு, ஒலிபரப்பச் சம்மதம் என்று எழுதி ஒரு கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வைப்பது அவசியம். அவர் பாடியது திரைப்பாட்டாக இருந்தால், குரல் அவருடையதாக இருந்தாலும் மெட்டின் உரிமை அப்படியே இருக்கிறது.

பழைய பாட்டு மெதுவாகவும் புதுப் பாட்டு அலறுவதாகவும் கேட்கிறது. என்ன செய்வது?

பழைய பதிவுகளின் சராசரி ஒலி குறைவு. புதியவை நன்றாக அழுத்திப் பதிவு செய்யப்பட்டவை. உச்ச அளவை மட்டும் சமமாக்கினால் இது தீராது. இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் எல்லாப் பாட்டையும் ஒரே சராசரி ஒலியளவுக்கு, உதாரணமாக மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (சராசரி ஒலியளவை அளக்கும் அலகு), மொத்தமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்குப் பின்னால் இசை போட்டால் அது குரலைவிட 15 டெசிபலாவது கீழே இருக்கட்டும். விடியற்காலையில் பின்னணி இசையே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மிக்ஸி ஓடுகிற வீட்டில் குரல் மட்டும்தான் கேட்கும்.

அன்றாடத் தகவல் பகுதிகளில் எவை கட்டாயம்?

நான்கு: அணை நீர்மட்டம், ஏலக்காய் விலை, உழவர் சந்தை, மலைச்சாலை. இந்தப் பள்ளத்தாக்கில் மற்ற எதை விட்டாலும் இவற்றை விடக் கூடாது.

நீர்மட்டம் முதலில். முல்லைப் பெரியாறு அணை நிற்பது கேரளத்தில். தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக லோயர்கேம்ப்புக்கு இறங்கி வரும் அதன் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. அன்றைய காலை அளவு நீர்வளத் துறையிடமிருந்து வருவதற்கு முன் நிகழ்ச்சி தொடங்கிவிடும். அதனால் 5.45-க்குச் சொல்வது முந்தைய நாள் அளவு. "நேற்றுக் காலை நிலவரம்" என்று சொல்லியே தொடங்குங்கள். புது அளவு வந்ததும் 7.15-க்கு மறுபடி. நீர்மட்டம் அடியில், வரத்தும் வெளியேற்றமும் நொடிக்கு இத்தனை கன அடி, இருப்பு மில்லியன் கன அடியில். இந்த மூன்று அலகும் கலந்துபோவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பெரியாறு, தேக்கடி மழையளவு மில்லிமீட்டரில். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. அளவு 65-ஐத் தாண்டிவிட்டால் கரையோர ஊர்களுக்காக அதை மணிக்கு ஒருமுறை சொல்லுங்கள்.

பெரியாற்று நீர்மட்டத்தைப் படிக்கும்போது குரலில் கவனம் வேண்டும். உச்ச நீதிமன்றம் 2014-ல் அனுமதித்த உயரம் 142 அடி. அளவு அதை நெருங்கும்போது கம்பத்தில் கேட்கும் விவசாயிக்கு நிம்மதி. அதே எண்ணை அணைக்குக் கீழே உள்ள வண்டிப்பெரியாற்றில் ஆற்றோரம் குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளி பயத்தோடு கேட்கிறார். இரண்டு பேரும் நம் நேயரின் சொந்தக்காரர்கள். "மகிழ்ச்சியான செய்தி", "அபாயம்" என்று எந்த ஒட்டுச் சொல்லும் வேண்டாம். எண், நேரம், அவ்வளவு போதும்.

ஏலக்காய் விலையில் பெரிய தவறு, உச்ச விலையை "இன்றைய விலை" என்று சொல்வது. போடியிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. உச்ச விலை கிடைப்பது திரண்ட, பச்சை நிறம் மாறாத காய் உள்ள சில லாட்டுகளுக்கு (ஏலக் குவியல்களுக்கு) மட்டும். பத்து சென்ட், அரை ஏக்கர் வைத்திருப்பவர் உள்ளூர் வியாபாரியிடம் பேரம் பேசப் பிடித்துக்கொள்வது சராசரி விலையைத்தான். அதனால் சராசரியை முதலில் சொல்லுங்கள், உச்சத்தைப் பிறகு. "நேற்றைய ஏலம்" என்றும் எந்த மையம் என்றும் "காய்ந்த காய், கிலோவுக்கு" என்றும் சேர்த்தே சொல்ல வேண்டும். பச்சைக் காய் ஐந்து, ஆறு கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ ஆகும். இந்தச் சொல் விட்டுப்போனால் புதிதாகத் தோட்டம் பிடித்தவர் தப்புக் கணக்குப் போடுவார். எண்ணை இரண்டு தடவை படியுங்கள். இரண்டாவது தடவை இலக்கமாக: இரண்டாயிரத்து நானூற்று ஐம்பது, இரண்டு நான்கு ஐந்து பூஜ்யம்.

உழவர் சந்தை விலைப்பலகை காலையில்தான் எழுதப்படும். ஆறு மணி வாக்கில் சந்தை அலுவலகத்துக்குப் போன் செய்து எழுதிக்கொண்டு ஏழு மணிக்குப் படிக்கலாம். முப்பது காயும் வேண்டாம். எட்டு, பத்து போதும். வரிசை மட்டும் என்றும் மாறக் கூடாது. தக்காளி, சின்ன வெங்காயம், கத்தரி, வெண்டை, முருங்கை என்று பழகிவிட்டால் முருங்கை போட்டவர் ஐந்தாவது பெயருக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். சீசனில் திராட்சையும் வாழைத்தாரும் கடைசியில் சேரட்டும்.

மலைச்சாலையில் மூன்று வழிகள்: லோயர்கேம்ப் வழியாகக் குமுளி, கம்பம்மெட்டு, 17 கொண்டை ஊசி வளைவுள்ள போடிமெட்டு. மண் சரிவு, மரம் விழுந்தது, பனிமூட்டம் என்று தகவல் வந்தால் கண்ணால் பார்த்த ஒருவரிடமும் சோதனைச் சாவடியிலும் கேட்டுவிட்டு, "5.50 மணி நிலவரப்படி" என்று நேரத்தோடு சொல்லுங்கள். வழி திறந்துவிட்டது என்ற தகவலையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். அடைத்ததைச் சொல்லித் திறந்ததைச் சொல்லாமல் விட்டால் அன்றைய கூலி போய்விடும். ஐயப்பன் சீசனில் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்பும் வண்டிகளைக் குமுளி, லோயர்கேம்ப் வழியாகவும் விடும் ஒருவழி ஏற்பாடு வழக்கமாக வரும். எந்தத் தேதியிலிருந்து என்பதைக் காவல்துறை அறிவித்த பிறகே சொல்லுங்கள்.

மழை எச்சரிக்கை, பள்ளி விடுமுறை?

இங்கே மாவட்டப் பெயர்தான் முதல் சொல். "இன்று பள்ளிகளுக்கு விடுமுறை" என்று தொடங்கினால், இடுக்கிக்கு விட்ட விடுமுறையைக் கேட்டுக் கம்பத்துப் பிள்ளை பையைக் கழற்றி வைத்துவிடும். "தேனி மாவட்டத்தில் பள்ளிகள் உண்டு. இடுக்கி மாவட்டத்தில் மட்டும் விடுமுறை" என்று இரண்டையும் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் வரும் படத்தை நம்பாதீர்கள். போன வருட அறிவிப்பே தேதி மாற்றி வரும். மாவட்ட ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கத்தில் பார்த்த பிறகே வாசிக்க வேண்டும்.

நிறங்களுக்குப் பொருள் சொல்லுங்கள். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை மழை எதிர்பார்த்தால் மஞ்சள், 115.6 முதல் 204.4 வரை ஆரஞ்சு. அதற்கு மேல் சிவப்பு. இடுக்கிக்குச் சிவப்பு என்றால் கீழே வெயில் அடித்தாலும் சுருளி அருவியில் திடீரென வெள்ளம் வரலாம், வனத்துறை குளிக்கத் தடை போடலாம். அந்தத் தொடர்பைச் சொல்ல உள்ளூர் வானொலியால்தான் முடியும்.

பண்டிகை விடுமுறையும் இப்படித்தான். ஓணத்துக்கு மலைத்தோட்டங்களில் வேலை இருக்காது. தைப்பொங்கலுக்கு இடுக்கி உட்பட ஆறு எல்லை மாவட்டங்களில் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. சித்ரா பௌர்ணமியன்று ஒரு நாள் மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் குமுளியிலிருந்து ஜீப், பளியன்குடியிலிருந்து நடைபாதை. புலிகள் காப்பகம் என்பதால் பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது. நேரக் கட்டுப்பாடுகளை இரு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து அறிவிக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் சொல்லுங்கள்.

செய்தி வாசிக்கலாமா?

சமூக வானொலி தானாகச் செய்தி தயாரித்து வாசிக்கக் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். போக்குவரத்து, வானிலை, திருவிழா, விளையாட்டு, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, குடிநீர், மின்தடை, பேரிடர், உடல்நல எச்சரிக்கை ஆகியவை செய்தியாகக் கொள்ளப்படுவதில்லை; தாராளமாகச் சொல்லலாம். அரசியல் கூடாது. நீர்மட்ட எண்ணைப் படித்த கையோடு அணை வழக்கைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னாலும் எல்லை தாண்டியாயிற்று. நாளிதழ்த் தலைப்பு வாசிப்பதும் வேண்டாம்.

பேட்டி சப்பென்று போகிறது. கேள்வியில் என்ன தவறு?

பெரும்பாலும் கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துவிடுகிறோம். "ஏலக்காய் எடுக்கறதுல ரொம்பக் கஷ்டம் இருக்குமேக்கா?" என்றால் "ஆமாப்பா" என்று முடிந்துவிடும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "காலைல எத்தன மணிக்கு எந்திரிச்சு, என்ன ஆக்கி வச்சுட்டு ஜீப்பு ஏறுவீங்கக்கா?" மூன்றரைக்கு எழுந்ததிலிருந்து தொடங்கிவிடுவார். அடுத்த கேள்வியை அவர் சொன்னதிலிருந்தே எடுங்கள்: "பழைய சோறுன்னு சொன்னீங்களே, மழைக்குள்ள எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?" தாளில் ஐந்து கேள்வி போதும். அதில் மூன்றைக் கேட்க நேரம் கிடைத்தாலே பேட்டி நன்றாகப் போனதாக அர்த்தம்.

வயதுக்குத் தகுந்தபடி அக்கா, அண்ணே, ஐயா, அம்மா என்றே கூப்பிடுங்கள். "மேடம்" என்றதும் காய் எடுக்கிற அக்கா முதுகை நிமிர்த்தி, மேடைத் தமிழில் பேசத் தொடங்கிவிடுவார்; அதன் பிறகு அவரை மீட்க ஐந்து நிமிடம் ஆகும்.

அதிகாரிகள் வந்தால் கோப்பைப் பார்த்துத் திட்டத்தின் நோக்கத்தைப் படிப்பார்கள். மரியாதை குறையாமல் ஒரே கேள்வி: "சார், காமயகவுண்டன்பட்டியில இருக்கற ஒருத்தர் நாளைக்குக் காலைல எந்த ஆபீசுக்கு, என்னென்ன பேப்பரோட போகணும்?" பதிலை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லி, அவரிடமே சரி பாருங்கள்.

முந்தைய நாள் பத்து நிமிடம் பேசிவிடுங்கள், ஆனால் முழுக் கதையையும் சொல்ல வைத்துவிடாதீர்கள். இரண்டாம் தடவை சொல்லும்போது "அதான் நேத்தே சொன்னேனே" என்று சுருங்கிவிடும். வந்ததும் தண்ணீர், செல்போன் ஏரோபிளேன் மோடில். மேசை மேல் மடித்த துண்டு ஒன்று விரித்துவிடுங்கள். கண்ணாடி வளையல் மேசையில் படும் ஒவ்வொரு "க்ளிங்"கும் வானொலியில் பேச்சைவிடத் துல்லியமாகக் கேட்கும். வளையலைக் கழற்றச் சொல்லக் கூடாது.

வெளியே போய்ப் பதிவு செய்தால், முடித்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தைப் பத்து நொடி தனியே பதிவு செய்யுங்கள். பேச்சை வெட்டி ஒட்டும் இடத்தில் அந்தச் சத்தத்தை அடியில் போட்டால் வெட்டு தெரியாது. மூச்சுகளை எல்லாம் நீக்கிவிடாதீர்கள், ஆள் பேசுவது போலவே இருக்காது.

நேயர் போன் செய்தால் எதிரொலி வருகிறது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்று. நேயர் தன் வீட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்திருக்கிறார். ஒலிபரப்புக்கு முன்பே "ரேடியோவக் கொஞ்சம் அமத்திருங்க" என்று சொல்லிவிடுங்கள். அல்லது அவர் இணையத்தில் கேட்கிறார். அது பல நொடி பிந்தி வரும், தன் குரலே திரும்பி வந்து அவர் தடுமாறுவார். மூன்றாவது நம் பக்கத் தவறு: மிக்ஸரின் (ஒலிகளைக் கலக்கும் கருவி) மொத்த ஒலியை அப்படியே போன் லைனுக்கு அனுப்புவது. நேயருக்குப் போகும் ஒலியில் அவர் குரல் தவிர மற்றதெல்லாம் இருக்க வேண்டும். மிக்ஸரின் ஆக்ஸ் (துணை) வெளியீட்டைப் போனுக்கு இணைத்து, போன் வரும் சேனலின் ஆக்ஸ் குமிழை மட்டும் பூஜ்யத்தில் வைத்தால் தீர்ந்தது.

செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மைக் முன்னால் பிடிப்பது கடைசி வழி. நான்கு முனை ஆடியோ கேபிள் வழியாகவோ புளூடூத் உள்ள மிக்ஸர் வழியாகவோ எடுங்கள். கேபிள் பக்கத்தில் வேறு செல்போன் கிடந்தால் "டிர்ர்ர்" என்று ஒரு துடிப்பு ஏறும்.

மைக்கில் எவ்வளவு தூரத்தில் பேசுவது?

டைனமிக் மைக் என்றால் நான்கு விரல்கடை, நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில். நேராகப் பேசினால் "ப" வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். எஃப்எம் ஒலிபரப்பில் மேல் அலைவரிசைகள் கூட்டி அனுப்பப்படுகின்றன. அதனால் ஸ்டூடியோவில் சரியாகத் தோன்றும் "ஸ", "ச" ரேடியோவில் கீச்சிடும். ஈக்வலைசரில் ட்ரெபிளைக் கூட்டவே வேண்டாம். அளவு பார்க்கும்போது "ஹலோ, ஒன் டூ த்ரீ" என்று மெதுவாகச் சொல்லாமல், நிகழ்ச்சியில் பேசும் குரலிலேயே பேசுங்கள். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தொடக் கூடாது.

அறைக்கு முட்டை அட்டை ஒட்டுவது பணச் செலவு. வெளிச் சத்தத்தை அது தடுக்காது. மார்கழியில் நாலரைக்கே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். கதவிடுக்கில் ரப்பர் பட்டை, சன்னலுக்கு இரண்டாவது கண்ணாடி, சுவரில் கனமான பருத்தி மெத்தை, இந்த வரிசையில் செலவு செய்யுங்கள். தகரக் கூரை என்றால் மழை நாளில் எதுவும் உதவாது. கூரைக்குக் கீழே ஒரு பொய்க்கூரை போட்டே ஆக வேண்டும்.

மலையாளத்திலும் பேச வேண்டுமா?

நிகழ்ச்சி தமிழில் இருக்கட்டும். சாலை, மழை, அணை மூன்றையும் மட்டும் முப்பது நொடி மலையாளத்தில் மறுபடி சொன்னால், சரக்கு இறக்க வரும் லாரி ஓட்டுநருக்கும் குமுளிக் கடைக்காரருக்கும் பயன்படும். அதை மலையாளம் பேசும் ஒருவரே சொல்ல வேண்டும். தமிழில் எழுதி மலையாள ஓசையில் படிப்பது அவர்களைக் கேலி செய்வது போலாகும்.

மெட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை. பவரைக் கூட்டலாமா?

கூடாது. உரிமத்தில் 50 வாட் டிரான்ஸ்மிட்டர், 30 மீட்டருக்கு மேற்படாத ஆன்டெனா என்றால் அவ்வளவுதான். எட்டும் தூரம் ஏறக்குறைய 5 முதல் 10 கிலோமீட்டர். எஃப்எம் அலை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் நன்றாகப் போகும். பள்ளத்தாக்கைப் பார்த்த மலைச்சரிவில் உயரத்தில் இருந்தாலும் கேட்கும். முகட்டைத் தாண்டி இறங்கிவிட்டால் மலையே மறைத்துவிடும். கொடைக்கானல் பண்பலை 100.5 அங்கெல்லாம் கேட்பதற்குக் காரணம் மலையுச்சியில் இருக்கும் அதன் கோபுரமும் பெரிய டிரான்ஸ்மிட்டரும்.

பள்ளத்தாக்குக்குள்ளேயே சில தெருக்களில் கரகரப்பு வரும். மலையில் பட்டுத் திரும்பும் அலை நேராக வருவதோடு மோதுவதால் அது. 90.4 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 3.3 மீட்டர், ஆகவே ரேடியோவை இரண்டு மூன்று அடி நகர்த்தினாலே தெளியும். செல்போனில் எஃப்எம் கேட்பவர்களுக்கு ஹெட்போன் வயர்தான் ஆன்டெனா, சுருட்டி வைக்கக் கூடாது என்று மாதம் ஒருமுறை சொல்லுங்கள்.

நடுவில் கரன்ட் போனால்?

50 வாட் டிரான்ஸ்மிட்டர், கணினி, மிக்ஸர், ஒரு விளக்கு எல்லாம் சேர்ந்து சுமார் 400 வாட் இழுக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று நல்ல நிலையில் இருந்தால் மூன்று மணி நேரம் தாங்கும். மூன்று வருடம் ஆன பேட்டரி என்றால் பாதியை நம்புங்கள். கணினிக்கு யுபிஎஸ் தனியாக வேண்டும்; இன்வர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் கணினி அணைந்து எழுந்தால் இரண்டு நிமிட மௌனம். ஐந்து நொடி மௌனத்திலேயே கேட்பவர் கை குமிழுக்குப் போய்விடும். மிக்ஸரில் நேரடியாகச் செருகிய பழைய செல்போன் ஒன்றில் ஒரு மணி நேரப் பாட்டு எப்போதும் தயாராக இருக்கட்டும்.

சித்திரை, வைகாசி இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மின்னல் அருகில் வந்துவிட்டால் ஒலிபரப்பை நிறுத்துவதில் தயக்கம் வேண்டாம். டிரான்ஸ்மிட்டரை அணைத்த பிறகே ஆன்டெனா கேபிளைக் கழற்ற வேண்டும். ஆன்டெனா இல்லாமல் ஓடினால் அனுப்பிய சக்தி திரும்பி வந்து டிரான்ஸ்மிட்டரே எரிந்துபோகும்.

விளம்பரம் எவ்வளவு போடலாம்?

விதிப்படி மணிக்கு 12 நிமிடம் வரை. காலையில் 6 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். நீர்மட்டத்துக்கும் சாலைத் தகவலுக்கும் நடுவே எதையும் செருக வேண்டாம்.

துக்கச் செய்தி, பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கலாமா?

துக்கச் செய்தி ஊருக்குப் பெரிய உதவி. மலைக்கு மேலே இருக்கும் சொந்தத்துக்கு அடக்கத்துக்கு முன் சேதி போய்ச் சேரும். ஆனால் போன் வந்தவுடன் வாசிக்கக் கூடாது. அந்த வீட்டாரில் வேறொருவரை நீங்களே கூப்பிட்டு உறுதி செய்த பிறகு, பெயர், ஊர், தெரு, எடுக்கும் நேரம் மட்டும். வாசித்த பிறகு உடனே குத்துப்பாட்டு வரக் கூடாது. வரிசையை மாற்றி ஒரு வாத்திய இசை போடுங்கள்.

பிறந்தநாளுக்குப் பிள்ளையின் பெயரும் ஊரும் போதும். பள்ளி, வகுப்பு, வீட்டு எண், அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் காற்றில் போகக் கூடாத விவரங்கள்.

பதிவுகளை எவ்வளவு நாள் வைக்க வேண்டும்?

ஒலிபரப்பான எல்லாவற்றையும் மூன்று மாதம். ரேடியோ ஒன்றிலிருந்தே வாங்கிப் பதிவு செய்தால் உண்மையில் காற்றில் போனது என்ன என்பதும் தெரியும். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் மணிக்கு சுமார் 58 எம்பி. நாளுக்கு 12 மணி நேரம், 90 நாள் என்றால் 62 ஜிபி. 128 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். கோப்பின் பெயரில் தேதியும் மணியும் இருக்கட்டும்.

எத்தனை பேர் வேண்டும்? முந்தைய நாளே என்ன செய்து வைப்பது?

மூன்று பேர். ஒருவர் மைக்கில், ஒருவர் மிக்ஸரிலும் பாட்டிலும், ஒருவர் போனில் தகவல் எடுப்பதில். இரண்டு பேர் சமாளிக்கலாம். ஒருவர் மட்டும் என்றால் சாலைத் தகவலைச் சரிபார்க்க ஆள் இருக்காது, அன்று சாலைப் பகுதியை விட்டுவிடுவதே நல்லது. ஐந்தரைக்குப் பேசுகிறவர் ஐந்துக்கே வந்து வெந்நீர் குடித்து, அன்றைய தாளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட வேண்டும். எழுந்த குரலோடு நேராக மைக்கில் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் தொண்டை ஒத்துழைக்காது.

மறுநாளுக்கான வேலை முந்தைய சாயங்காலமே தொடங்கிவிடுகிறது. ஏல முடிவு வந்ததும் சராசரி, உச்சம், மையம் மூன்றையும் எழுதி, எழுதியதை இன்னொருவர் மூலத்தோடு ஒத்துப்பார்த்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பாட்டு வரிசை, பேட்டிக்கு வருபவரின் பெயர், அவரை எப்படிக் கூப்பிடுவது, மின்தடை அறிவிப்பு எல்லாம் ஒரே தாளில், பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும். தாளைத் திருப்பினால் அந்தச் சத்தமும் மைக்கில் விழும்.